நாங்கள் சில்லறை விலைக்கு வாங்கிய மாதம்

கடைசிக் கடையை எடுத்திருக்கும் தம்பிக்கு முதலில் ஒன்று. மழை பெய்த மறுநாள் அந்த ஷட்டர் பாதியில் நிற்கும். மேலே போகாது, கீழே மட்டும் இறங்கும். பதற வேண்டாம். பூட்டு உடைக்கிற ஆளைக் கூப்பிட்டுக் காசைக் கரியாக்க வேண்டாம். வெயில் ஏறினால் தானே சரியாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஷட்டர் பாதியில் நின்று எங்கள் எல்லோர் பிழைப்பையும் அந்தரத்தில் நிறுத்தியது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

புதுக் கடைக்காரர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். பேச்சும் குறைவு. "என்ன வேணும்?", "வேற?" இந்த இரண்டை வைத்தே மளிகைக் கடையில் என் காலம் போய்விட்டது. சரக்கு எங்கே எடுப்பது, எலியை எப்படி விரட்டுவது என்று எழுத மாட்டேன். அது உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் எலி கற்றுக்கொடுக்கும்.

நமது டவுன்ஷிப்பை நீங்கள் இப்போது பார்க்கிற மாதிரி அன்று நாங்கள் பார்க்கவில்லை. நாலு பக்கமும் தொழிற்சாலைச் சுவர். ஒரு பெரிய கேட். ஹைதராபாத்துக்குப் போக வேண்டுமென்றால் கம்பெனி பஸ், அதுவும் அது வைத்த நேரத்துக்கு. உள்ளே பன்னிரண்டு கடை. உப்பு வேண்டுமா, ஊசி வேண்டுமா, எங்களிடம்தான் வர வேண்டும். வந்தார்கள். மதியம் சங்கு ஊதினால் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்குவோம். சாயங்காலச் சங்குக்குத் தூக்குவோம். வாடிக்கையாளர் காத்திருப்பார். அதை எங்கள் திறமை என்று நினைத்துக்கொண்டோம். சுவரின் திறமை அது.

பிறகு ஊர் மாறியது. டவுன்ஷிப் பிள்ளைகள் படித்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போகவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போனார்கள். அப்பா கம்பெனி பஸ்ஸில் வருவார், பிள்ளை காரில் வந்து இறங்குவான். வெளியே ரோடு அகலமானது. அந்த ரோட்டில் கண்ணாடி வைத்த பெரிய மார்ட் ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களுடைய வேன் நம் கேட் வாசலில் வந்து நிற்கும். ஏறிக்கொண்டால் இலவசம். மதியம் கொண்டுவந்து விடுவார்கள்.

முதல் ஞாயிறு என் கடையைக் கடந்து போனவர்கள் பையை மடித்து இடுப்பில் செருகியிருந்தார்கள். அடுத்த மாதம் பையை வீசிக்கொண்டு போனார்கள். அதற்கு அடுத்த மாதம் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டே போனார்கள்.

ஐந்து கடை மூடியது. பாத்திரக் கடை, செருப்புக் கடை என்று ஒவ்வொன்றாக. மிச்சம் ஏழு.

அப்போதுதான் எஸ்டேட் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். டவுன்ஷிப்பின் வீடு, கடை எல்லாம் அவர் பொறுப்பு. கும்பகோணத்துக்காரர். கோபம் வந்தாலும் குரல் ஏறாது. நான் சங்கத்துக்குச் செயலாளர். அந்தப் பதவிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதால்.

"உக்காருங்கோ அண்ணாச்சி. இந்த டவுன்ஷிப் ஒரு தீவு மாதிரி. வர்ற சம்பளம் உள்ளயே சுத்தினாத்தான் கடைகள் இருக்கும். வெளில போயிடுத்துன்னா திரும்பி வராது."

"ஆமா சார்."

"தசரா சமயத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கடைகளைப் பாக்கக் கம்பெனி கமிட்டி வரும். அன்னிக்குப் பாதிக் கடை மூடியிருந்ததுன்னா, மொத்த வரிசையையும் ஒரே பெரிய கம்பெனிக்கு டெண்டர் விடறதா முடிவு. என் கையில ஒண்ணும் இல்லை."

பன்னிரண்டில் பாதி ஆறு. ஐந்து ஏற்கனவே மூடியாகிவிட்டது. இன்னும் ஒன்று மூடினால் எல்லோரும் வெளியே.

அந்த ஒன்று எது என்று எனக்குத் தெரியும். கடைசிக் கடை யூசுப் பாய். வாணியம்பாடிக்காரர், தையல். சனத்நகரில் யூனிஃபார்ம் தைக்கும் ஒரு ஷெட்டில் மாதச் சம்பளத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நேராக அவரிடம் போனேன்.

"பாய், போறியளா?"

"ஹவ், ஆமா அண்ணாச்சி. இங்க ஈ ஓட்றதுக்கு அங்க மிஷின் ஓட்டலாம்ல?"

"தசரா வரைக்கும் இரும். அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்."

அவர் வாயில் இருந்த நூலைக் கடித்துத் துப்பினார். "தசரா வரைக்கும். உங்க முகத்துக்காக. அதுக்கப்புறம் நக்கோ, வேணாம்."

அன்று மாலை சரோஜாக்காவின் டிபன் கடையில் கூட்டம் போட்டோம். சரோஜாக்கா டவுன்ஷிப் கட்டிய காலத்திலிருந்து இருப்பவர். பேசினால் தமிழும் தெலுங்கும் ஒரே கரண்டியில் வரும். வாய் நீளம். கை அதைவிட நீளம், யாருக்கும் ஒரு வடை சேர்த்தே வைப்பார்.

முதல் யோசனை வேனை நிறுத்துவது. எல்லோரும் கை தூக்கினோம். கேட் வாசலில் தனியார் வண்டி நிற்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. மனு கொடுத்தோம். செக்யூரிட்டி வேனை விரட்டினார்கள். நானே கேட்டில் நின்று டிரைவரிடம் கையை ஆட்டினேன்.

வேன் கொஞ்சம் தள்ளி, மெயின் ரோட்டில் போய் நின்றது. வயதானவர்கள், பிள்ளை தூக்கியவர்கள், எல்லோரும் வெயிலில் அங்கே நடந்து போனார்கள். போகும்போது எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அந்த வாரம் வழக்கமாக வருகிறவர்களும் வரவில்லை. என் கடைக்கு முப்பது நாளும் வருகிற ஒரு ரிட்டயர்டு ஃபோர்மன், "பாலையும் நிறுத்திடாதீங்க அண்ணாச்சி, அதையாவது குடிச்சிட்டுச் சாகறோம்" என்றார்.

வாடிக்கையாளரின் காலில் விழலாம். காலைக் கட்டக் கூடாது.

இரண்டாவது யோசனை யூசுப் பாயுடையது. நூறு ரூபாய்க்கு எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரு டோக்கன். அந்த டோக்கனை வரிசையில் எந்தக் கடையில் கொடுத்தாலும் இரண்டு ரூபாய் கழிவு. வெளியே செல்லாது. டோக்கனுக்கு அச்சடிக்கக் காசு இல்லை. பாயிடம் பழைய கோட்டு பட்டன் ஒரு டப்பா நிறைய இருந்தது. டவுன்ஷிப்பில் கோட்டு தைத்துப் போடுகிற ஆட்கள் போய்ப் பல வருடம். அதில் சிவப்பு பெயிண்ட் ஒரு பொட்டு வைத்தோம். அதுதான் எங்கள் நாணயம்.

பட்டன் நன்றாகத்தான் ஓடியது. பிள்ளைகள் சேர்த்தார்கள். ஒரு வீட்டம்மா அதைப் பையன் டவுசரில் தைத்தே விட்டார். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கொடுக்கப் பட்டன் இல்லை. எங்கே போயின என்று பார்த்தால் எல்லாம் எங்கள் ஏழு பேருடைய டப்பாவில்தான் கிடக்கின்றன. மக்கள் கொடுத்துவிட்டார்கள். எங்களிடம் வந்து நின்றுவிட்டன.

சரோஜாக்கா ஒரு டம்ளர் நிறையப் பட்டனைக் கொண்டுவந்து என் கல்லாவின் மேல் வைத்தார். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள், செயலாளர் இதைக் காசாக்கித் தர வேண்டும் என்று.

"அண்ணாச்சி, இந்தப் பட்டனை வெச்சு நான் என்ன பண்றது? வடையில போட்டு விக்கட்டுமா?"

"பாய் கடையில குடுத்து ஜாக்கெட் தைங்க அக்கா."

"பாய்கிட்டயா? நான் எப்பவும் ஹப்சிகுடாவுல, எங்க தங்கச்சி வீட்டாண்டதான் தைப்பேன்."

பாய் பக்கத்தில்தான் நின்றார். முகம் சுருங்கியது. "இருபது வருஷமா ஒரே வரிசையில இருக்கேன். என் கை உங்களுக்கு ஆகாதா?"

"கோச்சுக்காத பாய். உம் பையன் போட்டிருக்கானே சட்டை, அது நீ தைச்சதா?"

"அது... ரெடிமேட்."

"சூடு, இதைப் பாரு! தைக்கிறவன் மகன் ரெடிமேட் போடறான், நான் ஹப்சிகுடா போனா குத்தமா?"

பாய் சும்மா விடவில்லை. "சரி, நீங்க அரிசி எங்க வாங்கறீங்க? அண்ணாச்சி கடையிலயா?"

"பேகம் பஜார்ல. மூட்டையா வாங்கினா அங்க குறைச்சல்தானே கதா."

பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். பாய் கேட்டார். "அண்ணாச்சி டீ எங்க குடிக்கிறீங்க?"

எனக்கு வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் வரும். சட்டை ஊரிலிருந்து, வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாக. சொன்னேன். சரோஜாக்காதான் முதலில் சிரித்தார்.

"அப்போ வேன்ல போறவங்களை எதுக்கு திட்டினோம்? வேன் வர்றதுக்கு முன்னாலயே நாமெல்லாம் வெளிய போய்ட்டு வந்துட்டோம்!"

இதற்கு ஒரு காரணம் உண்டு, அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். என்னைத் தொழிலுக்குக் கொண்டுவந்த முதலாளி, கடைக்காரன் சில்லறை விலைக்கு ஒரு பொருள் வாங்கினால் அவன் கடைக்காரன் இல்லை என்பார். சோப்பு வேண்டுமென்றாலும் மொத்தக் கடையில் தெரிந்த ஆளைப் பிடித்து வாங்குவார். எங்கள் எல்லோருக்கும் அதே பாடம்தான், வேறு வேறு வாயிலிருந்து. அது மானப் பிரச்சினை. பக்கத்துக் கடையில் போய் ஊரார் கொடுக்கிற விலையைக் கொடுப்பது என்றால் உடம்பு கூசும். முதலாளி சொன்னது அவர் கடைத்தெருவுக்குச் சரி. அங்கே ஆயிரம் பேர் வந்து போவார்கள். தீவில் ஏழு கடைக்காரனும் அவன் குடும்பமும் வெளியே வாங்கினால், அதுவே ஒரு ஓட்டை.

"தசரா வரைக்கும் நாம எல்லாரும் நமக்குள்ளேயே வாங்குவோம்" என்றேன். "சில்லறை விலைக்கு. பேரம் கிடையாது."

காய்கறிக் கடைக்காரர், "அவமானம்" என்றார். பேசி வைத்த மாதிரி எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் வேறு யோசனை யாரிடமும் இல்லை. ஒத்துக்கொண்டார்கள்.

அந்த மாதம் பட்டன் மறுபடி சுற்றியது. அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் வேறு. முதல் தடவையாக நாங்கள் கல்லாவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம்.

நான் பாயிடம் ஒரு சட்டைக்குத் துணி கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை என்றார். செவ்வாய்க்கிழமை போனால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை போனால் துணி நான் மடித்துக் கொடுத்த மடிப்பிலேயே இருந்தது.

"பாய், வேலை இல்லைன்னுதானே சனத்நகர் போறேங்கீரு?"

"வேலை இல்லைன்னா கை வராது அண்ணாச்சி."

உண்மைதான் அது. கூட்டம் இருந்தால்தான் கைக்கு வேகம் வரும். ஆனால் காத்திருக்கிறவனுக்கு அது தெரியாது. அவன் ரெடிமேட் எடுப்பான். நானே எடுத்திருப்பேன்.

பாய் என் கடைக்குத் துவரம் பருப்புக்கு வந்தார். நான் போனில் சரக்குத் தரகரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு ஆபீசர் வீட்டுப் பெண் வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே அதற்கு முதலில் கட்டிக் கொடுத்தேன். பழக்கம்.

"நான் முதல்ல வந்தேன் அண்ணாச்சி" என்றார் பாய். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அது பளார் என்று விழுந்தது.

என் கடையை அடைத்த பிறகு சரோஜாக்கா கடைக்குச் சாப்பிடப் போவேன். நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்து கிடக்கும். தரையில் தண்ணீர். "மாவு தீர்ந்துபோச்சு அண்ணாச்சி, தண்ணி ஊத்திட்டேன்." ஷிப்ட் முடிகிற சங்குக்கு வருகிறவர்களோடு அவர் கணக்கு முடிந்துவிடும். நான் வாசலில் நிற்கும்போதே கம்ப்யூட்டர் கம்பெனிக் கார்கள் ஒவ்வொன்றாக வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டன. சம்பளம் இருக்கிற பிள்ளைகள். பசியோடு இறங்கி, இருட்டு வரிசையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அப்பன் நேரத்துக்குக் கடை வைத்திருந்தோம். செலவு செய்கிறவன் மகன்.

"அக்கா, இன்னொரு சட்டி மாவு ஆட்டுங்க."

"மிஞ்சினா?"

"நான் வாங்கிக்கிடுதேன். சில்லறை விலைக்கு."

மிஞ்சவில்லை. அந்த மாதத்தில் எனக்கு முதல் மூச்சு வந்தது அன்றுதான்.

ஆனால் வேன் இருந்தது. ஞாயிறுதோறும் மெயின் ரோட்டில். ஒரு ஞாயிறு மதியம் நான் கேட் பக்கம் போனேன். பாயின் வீட்டம்மா ஷமீம் எதிரே வருகிறார். இரண்டு கையிலும் மார்ட் பை. முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் பையைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். மறைகிற அளவு பையா அது.

"தங்கச்சி, குடுங்க ஒரு பையை."

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணாச்சி. பையனுக்கு ஒரு பேண்ட்டு, அவ்ளோதான். நமக்குள்ளேயே வாங்கணும்ங்கற பேச்சை மீறணும்னு இல்ல."

"சொல்ல மாட்டேன்."

கொஞ்ச தூரம் நடந்தோம். கால் வலி அவருக்கு. நின்று நின்று வந்தார். "அந்த வேன்காரன் நம்ம கடை வாசல்லயே எறக்கிவிட்டா என்னவாம்? இவ்ளோ பணம் போட்டுக் கடை கட்றான், மனுஷி கால் வலி தெரியல." என்னைத் திட்டுகிறோம் என்று தெரியாமல் திட்டினார். வேனை அவ்வளவு தூரம் தள்ளி நிறுத்தியது நாங்கள்தானே. "அண்ணாச்சி, உங்க கடையில கொத்தமல்லி இருக்குமா? அங்க மறந்துட்டேன். பாலும். இந்த பேண்ட்டு வேற ஒரு முழம் நீளம், அவரை வெட்டச் சொல்லணும். எப்படிச் சொல்றது?"

அவர் சொல்லிக்கொண்டே போனார். என் தலைக்குள் ஒரு ஷட்டர் மேலே போனது.

திங்கட்கிழமை ஆபீசர் முன்னால் நின்றேன். சங்கத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

"சார், அந்த மார்ட் வேனுக்கு உள்ளே வர ஒரு கேட் பாஸ் வேணும். நம்ம கடை வரிசை முன்னால நிக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "போன மாசம் கேட்லயே நிக்கக் கூடாதுன்னு மனு குடுத்தேள். இந்த மாசம் உள்ள விடணுமா? உடம்பு சரியாத்தானே இருக்கு?"

"இருக்கு சார்."

"உங்க கண்ணு முன்னாலயே உங்க ஜனங்களை ஏத்திண்டு போவான். சம்மதமா?"

"ஏத்திட்டுப் போகட்டும் சார். எறக்கியும் விடணும்லா."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு மெயின் ரோட்டில் வேனை நோக்கி நான் நடந்தபோது டிரைவர் ஜன்னலைப் பாதி ஏற்றிவிட்டான். "மல்லீ ஒத்து அன்னா, மறுபடி வேணாம், நான் போயிடறேன்" என்றான். பாஸைக் காட்டினேன். அவனுக்குப் புரியவே நேரமானது. சரோஜாக்கா கடை வேப்பமரத்தடியில் வண்டியைப் போட வைத்து ஒரு தட்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன். காசு கொடுத்துத்தான்.

காலையில் வேன் நிறைந்து போனது. சங்கத்து ஆட்கள் என்னைப் பார்த்த பார்வை, முன்பு மக்கள் பார்த்த அதே பார்வை. காய்கறிக் கடைக்காரர் என் வாசலுக்கே வந்து கேட்டார். "அந்த மார்ட்டுக்காரன் உங்களுக்கு என்ன குடுத்தான் அண்ணாச்சி?"

"மதியம் வரைக்கும் இருங்க" என்றேன். கொத்தமல்லிக் கட்டுகளில் தண்ணீர் தெளித்தேன்.

மதியச் சங்கு ஊதியது. பழக்க தோஷம், நாலு கடை ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டது. வேன் திரும்பி வந்தது. இறங்கினார்கள். வெயில், களைப்பு, பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுகை. சரோஜாக்கா கடைக்குள் நாற்காலி போதவில்லை. என்னிடம் பால், கொத்தமல்லி, உப்பு, தயிர், தீப்பெட்டி. பெரிய கடையில் பெரிய சாமான் வாங்குகிறவன் சின்னச் சாமானை மறப்பான். நினைவு வந்தாலும், அதற்காக அங்கே மறுபடி வரிசையில் நிற்க அலுத்துப்போவான். மூடியிருந்த கடை வாசலில் காய் கேட்டு நாலு பேர் நின்றார்கள். காய்கறிக் கடைக்காரரை வீட்டிலிருந்து கூப்பிட ஆள் அனுப்பினேன். சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார். அதற்குப் பிறகு அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

மார்ட்டில் எடுத்த பேண்ட்டெல்லாம் பாயிடம் போயின. ஒவ்வொன்றும் கால் நீளம், இடுப்பு லூஸ். யார் அளவுக்குத் தைத்தானோ. "நின்னு வாங்கிட்டுப் போங்க" என்று பாய் சொன்னதை என் காதால் கேட்டேன். செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. கூட்டம் வந்தது, கை வந்துவிட்டது. ஷமீம் வாங்கிய பேண்ட்டும் அதில் ஒன்றாக உள்ளே நுழைந்து வெளியே வந்ததாம். பாய் கேட்கவே இல்லையாம். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஆனாலும் சனத்நகர் பேச்சை அவர் விடவில்லை. "பாக்கலாம்" என்பார். அதற்கு மேல் நான் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். கேட்கவில்லை.

தசராவுக்கு முந்திய ஞாயிறு. ராத்திரியெல்லாம் மழை. காலையில் ஆபீசர் போன் செய்தார். "கமிட்டி இன்னிக்கு. கிளம்பியாச்சு."

வாசலுக்கு வந்து வரிசையைப் பார்த்தேன். ஆறு கடை திறந்திருக்கிறது. கடைசிக் கடை மூடியிருக்கிறது.

நான் ஓடுகிற ஆள் இல்லை. அன்று ஓடினேன். ஷட்டரைத் தட்டினேன். "பாய்! பாய்!" உள்ளே சத்தமே இல்லை. தரையில் ஏதோ இழுத்துக்கொண்டு போன தடம், ஈரத்தில். மிஷினை எடுத்துவிட்டார் என்று தெரிந்தது. தையல்காரன் மிஷினை எடுத்துவிட்டால் அதற்குப் பிறகு அங்கே சுவர்தான் மிச்சம்.

போய்விட்டார். அவர் மேல் கோபம் வரவில்லை. தசரா வரைக்கும் என்றார், ஏறக்குறைய இருந்துவிட்டார். மூடிய ஷட்டரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஆறாவது கடை.

அந்த முனையில் கமிட்டி வந்துவிட்டது. மூன்று பேர், கூடவே ஆபீசர். நான் நடந்து போய்ச் சேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு கடையாகப் பார்த்தார்கள். கேள்வி கேட்டார்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. கடைசிக் கடை தூரத்தில் தெரிந்தது. ஆபீசரும் அதைப் பார்த்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கமிட்டியில் மூத்தவர் கேட்டார். "அதுவும் மூடியிருக்கே? அப்போ எத்தனை?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் வேப்பமரத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம். கடகடகடவென்று. எனக்குத் தெரிந்த சத்தம்.

சரோஜாக்கா கடைக்கு அந்தப் பக்கம், வேன் நிற்கிற இடத்தில், மரத்தடியில் தையல் மிஷின். பாய் குனிந்து மிதித்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் ஆள். முந்தின வாரத்துப் பேண்ட்டும் தசராவுக்கு எடுத்த சுடிதாரும் கையில் வைத்துக்கொண்டு, வேன் கிளம்புவதற்குள் முடித்துக் கொடு என்று நிற்கிறார்கள். கூட்டம் மறைத்ததில் நான் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கமாக ஓடியிருக்கிறேன்.

"பாய்!" என்று கத்தினேன்.

அவர் நிமிரவில்லை. "ஷட்டர் மழைக்குப் பாதியில நின்னுடுச்சு அண்ணாச்சி. மேல ஏறல. டிரைவர் தம்பியும் நானும் மிஷினைப் படுக்கப் போட்டு இழுத்துட்டு வந்தோம். தொறந்து கெடந்தா நாய் பூருதுன்னு எறக்கிட்டேன். எதுக்கு இப்படி கத்தறீங்க?"

ஆபீசர் கமிட்டியைப் பார்த்தார். "ஷட்டர் மூடியிருக்கு. கடை திறந்திருக்கு. இதை என்னன்னு எழுதறது சார்?"

மூத்தவர் கூட்டத்தை எட்டிப் பார்த்தார். பிறகு பாயிடம், "என் பையன் பேண்ட்டு ஒண்ணு இருக்கு. இடுப்பு பிடிக்கணும். எப்ப கொண்டு வரணும்?" என்று கேட்டார்.

"வரிசையில வாங்க சார்" என்றார் பாய். யார் என்று அவருக்குத் தெரியாது.

யாரோ சிரித்தார்கள். மூத்தவரும் சிரித்தார். போகும்போது ஆபீசர் மட்டும் என் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார். "தசரா முடிஞ்சதும் அந்த அஞ்சு காலிக் கடைக்கும் ஆள் பாருங்கோ அண்ணாச்சி. தனித்தனியாவே குடுத்துடலாம்."

அவ்வளவுதான் சொன்னார். சரோஜாக்கா கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கேட்காமலே டீயைக் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். என் வீட்டு ஃபிளாஸ்க் டீயைவிட நன்றாக இருந்தது. இதை என் வீட்டில் சொல்ல வேண்டாம்.

பாய் சனத்நகர் போகவில்லை. கண் மங்கும்வரை அந்தக் கடைசிக் கடையில் தைத்துவிட்டு, இப்போது வாணியம்பாடியில் இருக்கிறார். அந்த ஐந்து கடைகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. கை மாறி, கை மாறி, இன்று உங்களில் சிலர் அவற்றில் நிற்கிறீர்கள். இனி வேன் வராது, வேறு ஏதாவது வரும். போனிலேயே வாங்கலாம் என்கிறார்கள். வரட்டும். அதுவும் எங்காவது கொண்டுவந்து இறக்கித்தானே ஆக வேண்டும். அந்த இடத்தைப் பாருங்கள்.

அன்று டீக்குக் காசு எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டேன். பாய் தைத்த சட்டை, கடைசியில் தைத்துக் கொடுத்திருந்தார். சில்லறை இல்லை. சிவப்புப் பொட்டு வைத்த ஒரு பட்டன்தான் இருந்தது. நீட்டினேன்.

சரோஜாக்கா வாங்கிப் பார்த்துவிட்டு டம்ளரில் போட்டார். "ஒரு டீக்கு இது பத்தாது அண்ணாச்சி. பாக்கிய நாளைக்கு வந்து குடுங்க."

நாளைக்கும் கடை இருக்கும் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.